தானத் தாய்ப்பாலா, பவுடர் பாலா, தோழியின் பாலா: எந்தக் குழந்தைக்கு எது?

பெற்ற தாயின் பால் இப்போதைக்குக் கிடைக்காது, அல்லது போதாது என்று தெரிந்ததும் குடும்பத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள். பவுடர் பால் வாங்கிவிடலாம் என்பார் ஒருவர். தாய்ப்பால் வங்கியில் கேட்டுப் பார்க்கலாமே என்பார் இன்னொருவர். கைக்குழந்தை வைத்திருக்கும் அண்ணியோ தோழியோ "எனக்குத்தான் நிறைய சுரக்குதே, நான் எடுத்துத் தர்றேன்" என்று முன்வருவார். உறைய வைத்த தாய்ப்பால் பைகளை யாரோ இணையத்தில் விற்பதையும் ஒருவர் தேடிப் பிடித்துக் காட்டுவார்.

இந்த நான்கில் எது சிறந்தது என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் வராது. முதலில் மூன்று விவரம் வேண்டும். குழந்தை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது? எடை எவ்வளவு? வெளிப்பால் எத்தனை நாளைக்குத் தேவைப்படும்? 900 கிராம் எடையில் பிறந்து இன்குபேட்டரில் இருக்கும் குழந்தைக்கு வங்கிப் பால் கிட்டத்தட்ட மருந்து. மூன்றரைக் கிலோவில் பிறந்து, வீறிட்டு அழுது, குடித்துவிட்டுத் தூங்கும் குழந்தைக்கு அதே பாலைத் தேடி அலைவது வெட்டி அலைச்சலாகவும் இருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2003-ல் வெளியிட்ட வழிகாட்டு ஆவணம், தாயிடம் நேரடியாகக் குடிக்க முடியாத குழந்தைக்கான மாற்றுகளைச் சொல்கிறது: தாயே எடுத்துக் கொடுக்கும் பால், ஆரோக்கியமான வேறொரு பெண்ணின் பால் அல்லது வங்கிப் பால், தாய்ப்பாலுக்குப் பதிலான தயாரிப்புப் பால் (குழந்தைகளுக்கென்றே தயாரித்த ஃபார்முலா, இங்கே நாம் பவுடர் பால் என்பது). பலர் இதை மார்க் பட்டியல் மாதிரி மேலிருந்து கீழாகப் படிக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்தந்தச் சூழ்நிலையைப் பொறுத்தது என்று அதே இடத்தில் எழுதியிருப்பதைப் பார்ப்பதில்லை. என் கருத்தில் அந்த வரிதான் முக்கியம்.

ஒன்றை மட்டும் இந்தப் போட்டியில் சேர்க்கவே கூடாது. தாய் தானே எடுத்துக் கொடுக்கும் பால், அது பத்துச் சொட்டாக இருந்தாலும், அதற்குத்தான் முதலிடம். கீழே பேசுவதெல்லாம் அதற்கு மேல் தேவைப்படும் பாலைப் பற்றித்தான்.

வங்கியில் பாலுக்கு என்ன நடக்கிறது

தாய்ப்பால் வங்கி புது விஷயம் என்று நினைப்பவர்கள் நிறைய. வியன்னாவில் 1909-லேயே ஒன்று தொடங்கிவிட்டது, அடுத்த ஆண்டு பாஸ்டனில். 1980-களில் எச்.ஐ.வி. பயம் பரவியபோது பல நாடுகளில் வங்கிகள் மூடப்பட்டன. தானம் தருபவரைச் சோதிப்பதும் பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்குவதும் உறுதியான நடைமுறையாக ஆன பிறகுதான் அவை மறுபடி தலை தூக்கின. இன்று இதில் முன்னோடி பிரேசில். அங்கே 200-க்கும் மேற்பட்ட வங்கிகள் ஒரே வலையமைப்பில் இயங்குகின்றன. மூடி போட்ட சாதாரணக் கண்ணாடி ஜாடிகளைக் கழுவி, கொதிக்க வைத்துப் பயன்படுத்துகிறார்கள். சில இடங்களில் வீடு வீடாகப் போய்ப் பாலைச் சேகரித்து வருவது தீயணைப்பு வீரர்கள்!

தானம் தருபவர் வழக்கமாகத் தன் குழந்தைக்குப் போக மிஞ்சுகிற பால் உள்ளவர். குழந்தையை இழந்த பிறகு சுரக்கும் பாலைத் தரும் தாய்மார்களும் உண்டு, பல வங்கிகள் அவர்களை ஏற்றுக்கொள்கின்றன. புகை, மது, தினசரி மாத்திரைகள், அண்மையில் ரத்தம் ஏற்றியது என்று நீண்ட கேள்விப் பட்டியல் இருக்கும். ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிஃபிலிஸ் பார்ப்பார்கள். பல நாடுகளில் எச்.டி.எல்.வி. என்ற வைரஸுக்கும் பரிசோதனை உண்டு.

உறைந்து வந்த பாலை இளக்கி, சில வங்கிகள் மூன்று நான்கு தாய்மாரின் பாலைச் சேர்த்துக் கலக்கும், சில வங்கிகள் ஒருவர் பாலைத் தனியாகவே வைக்கும். அப்புறம் சிறு பாட்டில்களில் ஊற்றி 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். கொதிநிலைக்கு வெகு கீழே, ஆனால் அரை மணி நேரம் அதே சூடு. முடிந்தவுடன் வேகமாகக் குளிர வைப்பார்கள். பிறகு மாதிரி எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். வளர்ந்தால் அந்தத் தொகுதியே குப்பைக்கு. தேறியது மைனஸ் 20 டிகிரியில் உறைந்து காத்திருக்கும்.

இந்தச் சூடு எச்.ஐ.வி.யைக் கொல்கிறது, குறைமாதக் குழந்தைக்கு ஆபத்தான சி.எம்.வி. என்ற வைரஸைக் கொல்கிறது, பெரும்பாலான பாக்டீரியாவையும் கொல்கிறது. சில பாக்டீரியாக்கள் உறக்க நிலையில் வைத்திருக்கும் வித்துகள் மட்டும் தப்பிக்கும். கடைசியில் மறுபடி சோதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பாலுக்கும் இழப்பு இருக்கிறது. தாயின் உயிருள்ள நோயெதிர்ப்புச் செல்கள் முழுக்கப் போய்விடும். கொழுப்பைச் செரிக்க உதவும் லைப்பேஸ் என்ற நொதி செயலிழந்துவிடும். கிருமிகளை எதிர்க்கும் லாக்டோஃபெரின் என்ற புரதம் பெருமளவு குறையும். ஐ.ஜி.ஏ. எதிர்ப்புப் பொருள் கொஞ்சம் குறைந்தாலும் பெரும்பகுதி மிஞ்சும். குடலில் நல்ல பாக்டீரியாவுக்கு உணவாகும் சிறப்புச் சர்க்கரைகளுக்குச் சூட்டால் ஒன்றும் ஆவதில்லை.

ஆக வங்கிப் பால், தாயின் மார்பிலிருந்து நேரே வரும் பாலுக்குச் சமம் இல்லை. பவுடர் பாலோடு ஒப்பிட்டால் அதில் கூடுதலாகச் சில நல்லவை இருக்கின்றன. அந்தக் கூடுதல் எந்தக் குழந்தைக்குப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே

குறைமாதத்தில் பிறந்த சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு நெக் என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் கொடிய குடல் நோய் வரலாம். குடல் சுவர் வீங்கி, சில இடங்களில் அழுகி, ஓட்டை விழும் அளவுக்குப் போகும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முழு மாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகளிடம் இது மிக அரிது.

வங்கிப் பாலுக்கான வலுவான ஆதாரம் எல்லாம் இந்த நோயைச் சுற்றித்தான் இருக்கிறது. 12 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 2019-ல் வெளியிட்ட ஆய்வு, பவுடர் பால் பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு நெக் வரும் வாய்ப்பு வங்கிப் பால் பெற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றது. அமெரிக்காவில் 15 மருத்துவமனைகளில் 483 மிகக் குறைமாதக் குழந்தைகளை வைத்து நடந்த பரிசோதனையின் முடிவு 2024-ல் வந்தது. வங்கிப் பால் குழுவில் 4.2 சதவீதம் பேருக்கு நெக், குறைமாதக் குழந்தைகளுக்கான பவுடர் பால் குழுவில் 9 சதவீதம்.

இதே பரிசோதனையில் இன்னொரு முடிவும் உண்டு, வங்கிப் பால் ஆதரவாளர்கள் அதைச் சற்று மெதுவான குரலில்தான் சொல்வார்கள். இரண்டு வயதை ஒட்டிக் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை அளந்தபோது இரு குழுக்களுக்கும் வித்தியாசமே இல்லை. 363 குழந்தைகளை வைத்துக் கனடாவில் நடந்து 2016-ல் வெளியான ஆய்விலும் அப்படித்தான். எடை ஏறுவதில் பவுடர் பால்தான் முந்துகிறது. "மூளை நன்றாக வளரும்" என்று யாராவது சொல்லி வங்கிப் பாலைப் பரிந்துரைத்தால் அதற்கு ஆதாரம் இல்லை. குடலைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இருக்கிறது. 900 கிராம் குழந்தைக்கு அந்த ஒன்றே போதுமான காரணம்.

எடை ஏன் மெதுவாக ஏறுகிறது? தானம் தரும் தாய்மார் பெரும்பாலும் பிரசவித்துச் சில மாதங்கள் ஆனவர்கள். அவர்கள் பாலில் புரதம் 100 மில்லிக்குச் சுமார் ஒரு கிராம்தான். ஒரு கிலோ குழந்தை முழு அளவு குடித்தால்கூட நாளைக்கு 150 மில்லி அளவில்தான் குடிக்கும், அதாவது ஒன்றரைக் கிராம் புரதம். அதற்குத் தேவையோ கிலோவுக்கு மூன்றரை முதல் நான்கு கிராம். பாதிகூட இல்லை. குறைமாதத்தில் பிரசவித்த தாயின் முதல் வாரப் பாலில் புரதம் இதைவிட அதிகம் என்பதையும் இங்கே சேர்த்துப் பாருங்கள்.

இதனால் வங்கிப் பாலில் ஃபார்ட்டிஃபையர் என்ற சத்துக் கலவையைச் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். புரதம், கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் அதில் வரும். ஒரு கிலோ குழந்தைக்கு வெறும் வங்கிப் பாலை மாதக் கணக்கில் கொடுப்பது பட்டினி போடுவதற்குப் பக்கத்தில் வந்துவிடும். "தாய்ப்பால் தானே, அதில் ஏன் பவுடர் கலக்கிறீர்கள்" என்று சண்டைக்குப் போவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் நின்று பார்த்தால் இன்னொரு நஷ்டமும் கண்ணுக்குத் தெரியும். இளகிய பாட்டிலில் கொழுப்பு மேலே மஞ்சளாக ஒரு வளையம் கட்டி நிற்கும். பாலைச் சிரிஞ்சில் எடுத்து, மூக்கு வழியாகப் போகும் மெல்லிய குழாயில் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விட்டால் அந்தக் கொழுப்பு குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். குழந்தைக்குப் போக வேண்டிய கலோரி குழாயோடு குப்பைக்குப் போகும். அனுபவமுள்ள நர்ஸ்கள் பாட்டிலை மெதுவாகச் சுழற்றிக் கலந்துவிட்டு எடுப்பதும், சிரிஞ்சின் முனை மேலே பார்க்கும்படி சாய்த்து வைப்பதும் அந்தக் கொழுப்பு முதலில் உள்ளே போகட்டும் என்றுதான்.

சரி, இந்த எடையில் உள்ள குழந்தைக்கு வங்கிப் பால் கிடைக்கவே இல்லை என்றால்? குறைமாதக் குழந்தைகளுக்கென்றே தயாரித்த பவுடர் பால் அல்லது திரவ ஃபார்முலா இருக்கிறது. அதைக் குடித்து நன்றாக வளரும் குழந்தைகளே பெரும்பான்மை. மேலே சொன்ன 9 சதவீதத்தைத் திருப்பிப் பார்த்தால் 91 சதவீதக் குழந்தைகளுக்கு அந்த நோய் வரவில்லை. ஆனால் இரண்டும் கையில் இருக்கும்போது ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நான் யோசிக்கவே மாட்டேன், வங்கிப் பால்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2017-ல் சொன்னதும், வங்கிப் பாலில் முன்னுரிமை 1500 கிராமுக்குக் கீழே பிறந்தவர்களுக்கு என்றுதான்.

முழு மாதக் குழந்தை, முதல் நான்கு நாள்

இங்கே கணக்கே மாறுகிறது. முழு மாதக் குழந்தைகளிடம் வங்கிப் பாலையும் பவுடர் பாலையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த நல்ல பரிசோதனைகள் மிகக் குறைவு. கொடுத்தால் கெடுதல் இல்லை, கொடுக்காவிட்டால் பெரிய இழப்பு என்று காட்டவும் ஆதாரம் இல்லை.

பெரும்பாலும் வெளிப்பால் தேவைப்படுவது சீம்பால் முடிந்து பால் பெருகி வரும் வரை உள்ள இடைவெளிக்குத்தான். பிரசவத்துக்குப் பின் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் பெருகும். அறுவைப் பிரசவம், தாய்க்குச் சர்க்கரை நோய், முதல் பிரசவம், அதிக ரத்தப்போக்கு என்றால் தாமதமாகலாம். இதற்கிடையில் குழந்தை பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இழந்தாலோ, ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலோ, மஞ்சள் காமாலை ஏறினாலோ மருத்துவர் கூடுதல் பால் கேட்பார்.

அது எவ்வளவு என்று தெரிந்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். முதல் 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லி. இரண்டாம் நாள் 5 முதல் 15. மூன்றாம் நாள் 15 முதல் 30. நான்காம் நாள் 30 முதல் 60. முதல் நாளே 60 மில்லி பாட்டிலைக் காலி செய்ய வைத்து "பாத்தீங்களா, எவ்வளவு பசி" என்று சொல்லும் கூட்டம் எல்லா இடத்திலும் இருக்கிறது. வாயில் விட்டால் குழந்தை விழுங்கத்தான் செய்யும். அதற்கு அப்புறம் நாலு மணி நேரம் தூங்கும், அந்த நாலு மணி நேரம் தாயின் மார்புக்கு வேலை இல்லாமல் போகும். எடுக்கப்படாத பால் உடலுக்குச் சொல்லும் செய்தி, சுரப்பைக் குறை என்பது.

இதனால் முதல் நான்கு நாளில், எந்தப் பால் என்பதைவிட எத்தனை மில்லி, எதில் கொடுக்கிறோம், கொடுக்கும் நேரத்தில் தாய் பால் எடுக்கிறாரா என்பது பெரிய விஷயம். சிறு கரண்டி, சின்னக் கிண்ணம், சிரிஞ்ச், அல்லது மார்பருகே ஒட்டிய மெல்லிய குழாய் என்று கொடுக்கலாம். அந்தக் குழாய் முறையில் குழந்தை மார்பைச் சப்பிக்கொண்டே வெளிப்பாலையும் குடிக்கும், மார்புக்கும் தூண்டுதல் கிடைக்கும். வெளிப்பால் கொடுத்த ஒவ்வொரு வேளைக்கும் ஈடாகத் தாய் கையாலோ பம்பாலோ பால் எடுத்துவிட வேண்டும்.

மருத்துவமனையிலேயே வங்கிப் பால் இருந்து, சிறு குழந்தைகளுக்குப் போக மிச்சமும் இருந்தால், இந்த இடைவெளிக்கு வாங்கிக்கொள்ளலாம். நல்ல தேர்வு. முக்கியமாக, பவுடர் பால் டப்பா வீட்டுக்குள் வராமலே நான்கு நாளைக் கடந்துவிடலாம் என்பது சில தாய்மாருக்கு மனத்தெம்பு. வங்கி தொலைவில் இருந்து, குழந்தை பசியில் காத்திருக்கும் நிலை என்றால் இருபது மில்லி பவுடர் பால் கொடுப்பதில் ஒரு குற்றமும் இல்லை. குழந்தையின் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கும்போது கொள்கைக்காகக் காத்திருப்பதுதான் தப்பு.

மாதக்கணக்கில் வேண்டும் என்றால்

இங்கே ஒரு சின்னக் கணக்கு போதும். நாலு மாதக் குழந்தை நாளொன்றுக்கு ஏறக்குறைய 750 மில்லி குடிக்கும். மாதத்துக்கு 22 லிட்டருக்கு மேல். அதே 22 லிட்டர், முழு அளவு குடிக்கும் ஒரு கிலோ குழந்தை ஒன்றுக்குச் சுமார் 145 நாளுக்கு வரும், குடலுக்கு ஆபத்தான முதல் சில வாரங்களை மட்டும் கணக்கில் எடுத்தால் நான்கைந்து குழந்தைகளுக்கு. எந்த வங்கியும் ஏன் இதற்குத் தயங்குகிறது என்பது புரியும். பாலை இலவசமாகத் தரும் வங்கிகளும் உண்டு, பரிசோதனைக்கும் பதப்படுத்துவதற்கும் கட்டணம் வாங்கும் வங்கிகளும் உண்டு. கட்டணம் இருக்கும் இடத்தில் மாதக்கணக்கில் இது சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

ஆகவே ஆரோக்கியமான முழு மாதக் குழந்தைக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று வெளிப்பால் வேண்டுமானால் நேர்மையான பதில் பவுடர் பால்தான். அதைக் கடைசிப் புகலிடமாகப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. இரும்புச்சத்தும் வைட்டமின் டியும் சேர்த்து, குழந்தையின் தேவைக்கேற்ப அளந்து தயாரித்த உணவு அது. தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்புப் பொருள்கள் அதில் இல்லை, வயிற்றுப்போக்கும் காதுத் தொற்றும் கொஞ்சம் கூடுதலாக வரும், அது உண்மை. ஆனால் அதன் பெரிய ஆபத்து டப்பாவுக்குள் இருப்பதைவிடக் கலக்கும் விதத்தில் இருக்கிறது.

பவுடர் பால் கிருமி நீக்கப்பட்ட பொருள் கிடையாது. அரிதாகக் க்ரோனோபாக்டர் என்ற பாக்டீரியா அதில் இருக்கலாம், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007-ல், 70 டிகிரிக்குக் குறையாத சுடுநீரில் கலக்கச் சொன்னது. கொதித்த நீரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆற விடாமல், அந்தச் சூட்டில் கலந்து, அப்புறம் பாட்டிலைக் குளிர்ந்த நீரில் பிடித்து ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். கலந்து இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காததைக் கொட்டிவிட வேண்டும். அளவுக் கரண்டியைக் குவியலாக எடுப்பதும் கூடாது, டப்பா நீடிக்கட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவதும் கூடாது. நல்ல தண்ணீரும் அடுப்பும் நிச்சயமில்லாத வீட்டில் பவுடர் பாலின் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே தாயின் சுரப்பைத் திரும்பக் கொண்டுவருவதற்குச் செலவிடும் முயற்சிக்கு ஈடே இல்லை.

தோழி தரும் பால், முகம் தெரியாதவர் தரும் பால்

இதை மருத்துவ நிறுவனங்கள் ஒரே வரியில் முடித்துவிடும்: வேண்டாம். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2010-லேயே, தனிநபரிடமோ இணையத்திலோ நேரடியாகப் பெற்ற பாலைக் கொடுக்க வேண்டாம் என்றது. ஆனால் அக்கா தரும் பாலும் இணையத்தில் காசு கொடுத்து வாங்கும் பாலும் ஒரே ஆபத்து என்று சொன்னால் எந்தக் குடும்பமும் நம்பாது. நம்பாமல் இருப்பதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பேசலாம்.

இணையத்தில் வாங்கும் பால் பற்றி ஐயத்துக்கு இடமில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் இணையம் வழியாக 101 பால் மாதிரிகளை வாங்கிச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். 74 சதவீத மாதிரிகளில் கவலைப்படும் அளவுக்கு அல்லது வகையில் பாக்டீரியா. 21 சதவீதத்தில் சி.எம்.வி. வைரஸின் தடம். மூன்று மாதிரிகளில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி. இரண்டு ஆண்டு கழித்து அதே குழு 102 மாதிரிகளை வேறொரு கோணத்தில் பார்த்தது. 11 மாதிரிகளில் மாட்டுப்பாலின் மரபணு இருந்தது. அதில் பத்து, குறைந்தது பத்தில் ஒரு பங்கு மாட்டுப்பால் கலந்தவை. தாய்ப்பாலை அளந்து காசு கொடுக்கும் இடத்தில் அளவைக் கூட்டும் ஆசையும் வரும். இந்த வழியை நான் எந்தக் குழந்தைக்கும், எந்த நிலையிலும் சொல்ல மாட்டேன். பவுடர் பால் இதைவிட எவ்வளவோ பாதுகாப்பானது.

தெரிந்தவர் பால் வேறு கதை. அவர் கர்ப்ப காலத்தில் எடுத்த பரிசோதனை முடிவுகளைப் பார்க்கலாம். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கலாம். அவர் குழந்தை அதே பாலைக் குடித்து நன்றாக இருப்பது கண்ணுக்குத் தெரியும். தாய்ப்பால் மருத்துவத்துக்கான அகாடமி 2017-ல் இணைய வழிப் பாலை எதிர்த்தாலும், ஆரோக்கியமான முழு மாதக் குழந்தைக்குத் தெரிந்தவர் பால் என்றால் உரிய சோதனையோடும் சுத்தமான கையாளலோடும் ஆபத்தைக் குறைக்கலாம் என்ற நிலையையே எடுத்தது.

கேட்பதற்குத்தான் சங்கடம். "அக்கா, உங்க எச்.ஐ.வி. ரிப்போர்ட் காட்டுங்க" என்று எப்படிக் கேட்பது? கேட்டுத்தான் ஆக வேண்டும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த ரிப்போர்ட் பழசாகியிருக்கலாம், புதிதாக எடுக்கச் சொல்ல வேண்டியும் வரலாம். நேரில் கேட்கத் தயங்கினால் குழந்தை மருத்துவர் கேட்கச் சொன்னார் என்று அவர் தலையில் போட்டுவிடலாம். பெரும்பாலான மருத்துவர்கள் அந்தப் பழியை ஏற்றுக்கொள்வார்கள்.

சூடாக்குவதற்கும் ஒரு வழி இருக்கிறது. பாலைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, ஒரு பாத்திரத்தில் வைத்து, பாலின் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே வரும்படி சுற்றிலும் தண்ணீர் விட வேண்டும். பெரிய தீயில் வைத்து, தண்ணீர் தளதளவென்று கொதி வந்த அந்த நொடியே ஜாடியை வெளியே எடுத்துவிட வேண்டும். எச்.ஐ.வி. உள்ள தாய்மார் தம் பாலையே குழந்தைக்குக் கொடுப்பதற்காக உருவான முறை இது, ஆய்வகச் சோதனையில் அந்த வைரஸை அழிப்பது உறுதியானது. ஆனால் பாலில் கலந்திருக்கும் மருந்தையோ நிகோடினையோ இது நீக்காது. சுத்தமில்லாத பம்பும் வெயிலில் கிடந்த பையும் செய்த கெடுதலையும் இது முழுக்கச் சரிசெய்யாது.

குறைமாதக் குழந்தைக்கு, நோயுள்ள குழந்தைக்கு, தெரிந்தவர் பாலும் வேண்டாம். சி.எம்.வி. பெரியவர்களுக்கு ஒரு சளி போல வந்து போகும், பலருக்கு வந்ததே தெரியாது. குறைமாதக் குழந்தைக்கு அது பெரிய நோய். உறைய வைத்தால் குறையும், போகாது.

இந்தக் கணக்குக்குள் அடங்காத சிலர்

கேலக்டோசீமியா என்ற பிறவிக் கோளாறு உள்ள குழந்தைக்குத் தாயின் பாலும் ஆகாது, வங்கிப் பாலும் ஆகாது. பாலின் சர்க்கரையையே உடல் தாங்காது, சோயா வகை போன்ற, லாக்டோஸ் இல்லாத சிறப்பு ஃபார்முலாதான் வழி. "தாய்ப்பால் எந்தக் குழந்தைக்கும் கெடுதல் செய்யாது" என்ற வாதத்தை நம்பி மருத்துவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

தத்தெடுத்த குழந்தை, வாடகைத் தாய் வழியே வந்த குழந்தை, தாய் கீமோதெரபியில் இருக்கும் குழந்தை: இவர்களுக்குத் தாயின் சுரப்பு வரும் என்று காத்திருக்க முடியாது. முதல் சில நாள் அல்லது வாரம் வங்கிப் பால் கிடைத்தால் மகிழ்ச்சி, அப்புறம் பவுடர் பாலுக்கு நிம்மதியாக மாறலாம்.

இஸ்லாமியக் குடும்பங்களுக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. இரண்டு வயதுக்குள் ஒரு பெண்ணிடம் பால் குடித்த குழந்தை அவர் பிள்ளைகளுக்குச் சகோதர உறவாகிவிடும், பிற்காலத்தில் அவர்களுக்குள் திருமணம் கூடாது. பலர் பாலைக் கலந்து, பெயர் தெரியாமல் தரும் வங்கியில் இது சிக்கல். கலந்த வங்கிப் பாலால் அந்த உறவு உண்டாகுமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒருவர் பாலைத் தனியாக வைக்கும் வங்கியாக இருந்தால், தானம் தந்தவர் விவரம் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். தயக்கம் இருந்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. ஒப்புதல் கேட்காமல் எந்தக் குழந்தைக்கும் வங்கிப் பால் தரக்கூடாது என்பது பொதுவான நெறி.

வங்கிப் பாலில் தொடங்கும்போது

பிரிவில் வங்கிப் பால் கிடைத்துவிட்டால் வீட்டில் ஒரு நிம்மதி வரும், அந்த நிம்மதியில் தாயின் பம்ப் ஓரமாகப் போய்விடுவதுண்டு. இதில் கவனம் வேண்டும். பிரசவமான முதல் சில மணி நேரத்திலேயே கையால் எடுக்கத் தொடங்கி, நாளுக்கு எட்டு முறை, இரவிலும் ஒரு முறையாவது எடுத்தால்தான் சுரப்பு பெருகும். முதல் இரண்டு நாள் பம்பில் பெரிதாக ஒன்றும் வராமல், பாட்டிலின் அடியில் ஈரம் மட்டும் தெரியலாம். அதையும் சிரிஞ்சில் உறிஞ்சிக் கொடுக்கச் சொல்லுங்கள், குழந்தையின் வாயில் தடவவாவது பயன்படும். குழந்தையை வெறும் மார்போடு அணைத்து வைக்க அனுமதி கிடைத்த அன்றிலிருந்து பால் கூடுவதைப் பல தாய்மார் சொல்வார்கள்.

வீட்டுக்கு வங்கிப் பால் வந்தால், இளக்கிய பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மறுபடி உறைய வைக்கக் கூடாது. மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது, வெளியே வெதுவெதுப்பாகவும் நடுவில் கொதியாகவும் இருக்கும். குழந்தை வாய் வைத்த மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும், எத்தனை வயிறு எரிந்தாலும்.

இன்னொன்றை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பால் எப்போது நிற்கும்? பல பிரிவுகள் குழந்தை குறிப்பிட்ட வாரத்தையோ எடையையோ தொட்டதும் வங்கிப் பாலை நிறுத்திவிடும். அதற்குள் தாயின் பால் போதுமான அளவு வந்திருந்தால் பிரச்சினை இல்லை. வரவில்லை என்றால் குறைமாத ஃபார்முலாவுக்கு மாற வேண்டும், அது ஒரே நாளில் நடக்காமல் வேளைக்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாக நடந்தால் நல்லது. வயிறு உப்புகிறதா, வாந்தி வருகிறதா, மலம் எப்படி என்று பார்க்க ஆள் இருக்கும் இடம் மருத்துவமனைதான். மாற்றத்தை டிஸ்சார்ஜுக்குச் சில நாள் முன்பே முடித்துத் தரும்படி கேளுங்கள். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி புதுப் பாலைத் தொடங்க வேண்டியிராது.